சிறுதானியம் எந்த வாய்ச் சோற்றில் நின்றுபோனது? பார்த்ததை எழுதுங்க

அடுக்குச்சட்டி:
ஆரம்பிக்கிற எல்லாரும் நல்ல மனசோடதான் ஆரம்பிக்கிறாங்க. மூணாவது வாரம் டப்பா மறுபடியும் வெள்ளைச் சோற்றுக்குப் போயிடுது. மன உறுதி பத்தலைன்னு சொல்றதுக்கு முன்னாடி, எந்த இடத்துல நின்னதுன்னு பார்க்கணும். அதுக்குத்தான் இந்த இழை.

ஆபீஸ் சாப்பாட்டு அறை, மதியம் ஒரு மணி, சாமைத் தயிர் சாதம். எவர்சில்வர் டப்பாவைத் திறந்தவர் கரண்டியை வெச்சு அழுத்தினார், இறங்கலை. டப்பாவை அப்படியே கவிழ்த்தார். சோறு விழலை. கவிழ்த்த கையோட ரெண்டு நொடி பார்த்துட்டு நிமிர்த்தி மூடி வெச்சுட்டார். அவர் டப்பாவுல சாமையை அப்புறம் பார்க்கவே இல்லை.

தப்பு சாமை மேல இல்லை, தண்ணி அளவு மேல. மாவுச்சத்து ஆற ஆற இறுகும். அரிசியும் இறுகும்தான். ஆனா பொடி மணியான சாமை டப்பாவுக்குள்ள உட்கார்ந்தும் தயிரோட தண்ணியை இழுத்துக்கிட்டே இருக்கும். காலை ஏழரைக்குக் கூழ் மாதிரி தளர்ந்து இருந்தாத்தான் ஒரு மணிக்குச் சோறா இருக்கும். ஒரு டம்ளர் சாமைக்கு மூன்றரை டம்ளர் தண்ணி, அரை மணி ஊறல், குக்கர்ல மூணு விசில். சூட்டோட மசிச்சு, கை பொறுக்கிற சூட்டுல ஒன்றரை டம்ளர் காய்ச்சின பால், ரெண்டு கரண்டி தயிர் மட்டும். டப்பாவுக்குள்ளேயே உறையும், புளிக்காது. வெள்ளரித் துருவலைத் தனியா எடுத்துட்டுப் போங்க. காலையிலேயே கலந்தா நீர் விட்டு ருசி மாறிடும்.

மேட்டூர் அக்கா:
களி. பெங்களூர்ல வளர்ந்த பையன், தருமபுரிப் பக்கம் ஆயா வீட்டுக்கு லீவுக்கு வந்தவன். உருண்டையில பாதியைப் பிச்சு வாயில போட்டு மென்னான். மென்னுக்கிட்டே இருந்தான். பல்லுல ஒட்டி, கன்னத்துல ஒதுங்கி, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆயா பக்கத்துல உட்கார்ந்து, நெல்லிக்காய் அளவு கிள்ளி, புளிச்சகீரைக் கடைசல்ல முழுசாப் புரட்டி, "மெல்லாத கண்ணு, வழுக்கி முழுங்கு"ன்னு ஊட்டினாங்க. மூணாவது வாய்க்கு அவனே கிள்ள ஆரம்பிச்சுட்டான். அந்த ஒரு வார்த்தையை அதுக்கு முன்னாடி அவனுக்கு யாருமே சொல்லலை.

கிண்டுற விதம் தெரியாதவங்களுக்கு: ஒரு டம்ளர் கேழ்வரகு மாவுக்கு ரெண்டேகால் டம்ளர் தண்ணி, ஒரு கைப்பிடி நொய்யரிசி, உப்பு. நொய் குழைய வெந்து தண்ணி கொதிக்கிறப்ப மாவை நடுவுல குவிச்சுக் கொட்டுங்க. அப்பவே கிளறக் கூடாது. துடுப்புக் காம்பால நடுவுல ஒரு குழி போட்டு, தண்ணி மேல ஏறி வர விடுங்க. மூடி போட்டு சின்னத் தீயில ஏழெட்டு நிமிஷம். அப்புறம் சட்டியை இறுக்கிப் பிடிச்சுக் கிளறணும். ஈரக்கையால தொட்டா ஒட்டக் கூடாது. கொட்டினதுமே கிளறினா மாவு கட்டி கட்டியாகி, வெளியே வெந்து உள்ளே பச்சையா நின்னுடும். களி வயித்தைப் பிடிக்குதுன்னு சொல்றவங்க பல பேர் சாப்பிடுறது அந்தப் பச்சை மாவைத்தான்.

2023-ல நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகள்ல அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சாங்க. தருமபுரியில கிண்டத் தெரிஞ்ச கை வீட்டுக்கு வீடு இருக்கு. பட்டணத்துல பாக்கெட் வாங்குறவங்களுக்கு அந்தக் கை பக்கத்துல இல்லை.

மாவு மில்:
நாலு கிலோ கம்பு அரைச்சுட்டுப் போன அம்மா, இருபது நாள்ல அதே பையோட திரும்பி வந்தாங்க. ஒரு சிட்டிகை மாவை நீட்டி, "நீங்களே நக்கிப் பாருங்க" அப்படின்னாங்க. நாக்குல வெச்சதும் காறல், பழைய எண்ணெய்க் கசப்பு. என்னத்தையோ கலந்துட்டாங்கன்னு நம்பித்தான் வந்திருந்தாங்க. விளக்கம் சொல்றதுக்குள்ள பையை அங்கேயே வெச்சுட்டுப் போயிட்டாங்க.

கம்புல கொழுப்பு சுமார் 5 சதவீதம், கோதுமையைவிட ரெண்டு மடங்குக்கு மேல. அரைச்சதும் அந்தக் கொழுப்பும் அதை உடைக்கிற நொதியும் ஒண்ணாக் கலந்துடுது. வெயில் காலத்துல பத்து நாள்லயே காற ஆரம்பிச்சுடும். முழுக் கம்பா இருந்தா மாசக் கணக்குல கெடாது. அதனால ஒரு வாரத்துக்கு எவ்வளவு வேணுமோ அதை மட்டும் அரைங்க. அரைக்கிறதுக்கு முன்னாடி வெறும் சட்டியில வாசம் வர்ற வரைக்கும் வறுத்து ஆற வெச்சா இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். மில்லுல இருந்து வாங்கினதும் சூடா டப்பாவுல அடைக்காதீங்க. தாள் விரிச்சுப் பரப்பி ஆறினப்புறம் அடைங்க, முடிஞ்சா ஃபிரிட்ஜ்ல. கேழ்வரகுல கொழுப்பு ரொம்பக் குறைவு, அதனால அந்த மாவுக்கு இவ்வளவு பயம் இல்லை.

ஊருணி:
மேலே எல்லாரும் ருசியைப் பற்றியே பேசுகிறீர்கள். ருசியாக இருந்ததாலேயே நின்றுபோன ஒன்றைச் சொல்கிறேன்.

பூங்கா வாசலில் காலை ஆறரைக்கு முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி விற்பார்கள். நடை முடித்து வந்த ஒரு பெரியவர், சர்க்கரை நோயாளி, பெரிய டம்ளரில் வாங்கி நாலு மடக்கில் குடித்துவிடுவார். ஒரு நாள் அவர் மகன் சர்க்கரை பார்க்கும் மீட்டர் கொண்டுவந்திருந்தார். எண் வந்ததும் பெரியவர் மீட்டரின் முகத்தைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். "கேழ்வரகுதானேப்பா குடிச்சேன்." அந்த வாரத்தோடு கஞ்சி மட்டுமல்ல, நடையும் நின்றுபோனது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நைசாக அரைத்த மாவு, நீர்த்த கஞ்சி, போதாக்குறைக்கு முளைகட்டியது. முளை வரும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக உடைகிறது. இனிப்பும் இளக்கமும் அதனால்தான். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு அது வரம். சர்க்கரை உள்ளவருக்கு அது மெல்லாமலே ரத்தத்துக்குப் போகிற உணவு. அதே மாவு முருங்கைக்கீரை, வெங்காயம், ஒரு பிடி நிலக்கடலையோடு அடையாக வந்தால் மெதுவாகத்தான் செரிக்கும்.

அளவையும் யாரும் சொல்வதில்லை. 100 கிராம் அரிசியில் 350 கலோரி சொச்சம், கேழ்வரகில் 320, சாமையும் கம்பும் அரிசிக்குப் பக்கத்தில்தான். நார்ச்சத்து கூடுதல். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து சுமார் 350 மில்லிகிராம், அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. இவையெல்லாம் உண்மை. ஆனால் சிறுதானியம் என்பதற்காக இரண்டு தட்டு சாப்பிட்டால் இரண்டு தட்டின் கணக்குதான். ஒரு வேளைக்கு ஒருவருக்கு 60 கிராம் பச்சைத் தானியம் போதும். மாத்திரையை யாரும் தானாக நிறுத்த வேண்டாம்.

குதிரைவாலிக் கட்சி:
அடுக்குச்சட்டி சொன்னதுக்கு மறுப்பு. தயிர் சாதத்துக்குச் சாமையை ஏன் எடுக்கணும்? மூன்றரை டம்ளர் தண்ணி விட்டுக் கஞ்சியாக்கிக் கலக்கணும்னா அது தப்பான தானியம். குதிரைவாலி ரெண்டரைக்கே குழையும், வெள்ளையா இருக்கும், பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சாமை புளிசாதத்துக்கும் எலுமிச்சைக்கும். அதுக்கு ஒன்றுக்கு இரண்டு தண்ணி, திறந்த சட்டி, தண்ணி வத்தினதும் அடுப்பை அணைச்சுப் பத்து நிமிஷம் மூடி வெச்சாப் போதும், பொலபொலன்னு வரும். வரகு பொங்கலுக்கும் பிரியாணிக்கும். எந்தத் தானியம் எதுக்குன்னு தெரியாம எல்லாத்தையும் "மில்லட் ரைஸ்"னு ஒரே மாதிரி வேக வெக்கிறதுதான் மூணாவது வாரத்துல நிக்கிறதுக்குக் காரணம்.

அடுக்குச்சட்டி:
ஜவ்வாது மலைச் சாமை வீட்டுல இருக்கிறவங்க அதைத்தானே பொங்குவாங்க? தீட்டாத சாமைக்கு ஒரு வாசம் உண்டு, அது குதிரைவாலியில கிடையாது. வெள்ளையா இருக்கிறது பெருமை இல்லை. பழுப்புத் தோல் போகத் தீட்டினா நார்ச்சத்தும் தவிட்டோட போயிடும். மத்தபடி புளிசாதம் பற்றிச் சொன்னது சரி.

சுளகு:
தானியம் எது, தண்ணீர் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். ஒரு கல் போதும்.

வரகுப் பொங்கல், நெய் மிதக்க, மிளகு வாசனையோடு. வீட்டுப் பெரியவர் முதல் வாயை வைத்தார். நறுக்கென்று ஒரு சத்தம், எதிர்ப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது. அவர் வாயைத் திறக்காமலே எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து முதலில் கேட்டது, "பழைய சோறு இருக்கா?"

அரிசிக் கல் கண்ணுக்குத் தெரியும். வரகு, சாமையில் மணலும் மணியும் ஒரே அளவு. கழுவினால் போகாது, அரிக்க வேண்டும். இரண்டு பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தானியம், அதன் மேல் நாலு விரல் தண்ணீர். பாத்திரத்தைச் சுழற்றினால் மணி மிதந்து எழும், மணல் அடியில் தங்கும். மிதக்கும்போதே சாய்த்து அடுத்த பாத்திரத்தில் ஊற்றிவிட வேண்டும். கடைசி ஒரு பிடி வரும்போது பேராசைப்படாமல் நிறுத்திவிடுங்கள், கல் அதில்தான் இருக்கிறது. மூன்று தடவை இப்படி மாற்றி ஊற்றுங்கள். ஒரு கிலோவுக்கு இருபது நிமிடம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை அரித்து, நிழலில் துணி விரித்து நன்றாக உலர்த்தி வைத்துவிட்டால் வாரம் முழுக்கக் கவலை இல்லை. ஈரம் துளி இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும். வரகில் பூஞ்சை என்பது தலைசுற்றலும் வாந்தியும் வருகிற விஷயம். வாசனை மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

வெந்தயம்:
வரகு இட்லி. தட்டில் விழுந்த இட்லியைக் குழந்தை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்து, "இது தோசையாம்மா?" என்று கேட்டது. தட்டையாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. அந்த வீட்டில் வரகு இட்லிக்கு அதுவே கடைசி நாள்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் இட்லியைப் பற்றி முழுதாகச் சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கிற எதையும்விட வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் நடப்பது இதுதான்.

முழு அரிசியையும் ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் மூன்று டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் வரகு, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்புறம் இரண்டுக்கு இரண்டு. பல வீடுகளில் இங்கேயே நின்றுவிடலாம், இதுவே நல்ல இட்லி. முழுக்க வரகுக்குப் போவதென்றால் மூன்று டம்ளர் வரகுக்கு ஒரு டம்ளர் உளுந்து.

நாலு மணி நேரம் ஊறினால் போதும். உளுந்தைத் தனியாக, பந்து போலப் பொங்க ஆட்டுங்கள். மாவில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். வரகை ரவைப் பதத்தில் எடுத்துவிடுங்கள். நைசாக அரைத்தால் இட்லி பிசுபிசுக்கும். தண்ணீர்தான் எமன். அரிசி மாவுக்கு ஊற்றுகிற பழக்கத்தில் ஊற்றிவிடுவோம், காலையில் மாவு ஓடும். கரண்டியில் எடுத்தால் தயங்கித் தயங்கி விழுகிற பதத்தில் நிறுத்துங்கள்.

சிறுதானிய மாவு சீக்கிரம் புளிக்கும். மே மாதச் சென்னையில் ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவு எட்டு மணிக்கு ஆட்டி வெளியே வைத்தால் காலை ஆறுக்குள் பொங்கி இறங்கியே போயிருக்கும். தட்டை இட்லியில் முக்கால்வாசி இப்படி வருவதுதான். பொங்கினதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மார்கழியில் பத்து, பன்னிரண்டு மணி நேரம். பொங்கின மாவை அடி வரை கலக்காமல் மேலாக எடுத்து ஊற்றுங்கள். பத்து நிமிட ஆவி, இரண்டு நிமிடம் ஆறவிட்டு எடுங்கள்.

முக்கியமான ஒன்று: இட்லியை மாற்றுகிற வாரத்தில் சாம்பாரை மாற்றாதீர்கள். எண்ணெயைக் குறைப்பது, உப்பைக் குறைப்பது எல்லாம் அடுத்த மாதம். எள் பொடியும் நல்லெண்ணெயும் தட்டில் எப்போதும் போல இருக்கட்டும். நாக்கு ஒரு நேரத்தில் ஒரு புதுசைத்தான் பொறுக்கும்.

மாவு மில்:
வெந்தயம் சொன்ன உளுந்துக் கணக்கு பழைய உளுந்துக்குச் சரிவராது. ஒரு வருஷம் ஆன உளுந்துன்னா ஒன்றேகால் டம்ளர் போடுங்க.

நிழல்மரம்:
கம்பங்கூழ் வண்டி, பத்தரை மணி. ஒரு ஆட்டோக்கார அண்ணன் தினமும் வருவார். செம்பு நிறையக் கூழ், மோர் விட்டது, சின்ன வெங்காயம் பொடிசா நறுக்கினது. தொட்டுக்க மோர் மிளகாய் ரெண்டு, கொத்தவரை வற்றல். கூழைக் குடிப்பார்னு சொல்றதைவிட, மிளகாயைக் கடிச்சுட்டு அந்த உப்புக் காரத்துக்குக் கூழை ஊத்துவார்னு சொல்லலாம். அன்னைக்கு மிளகாய் தீர்ந்துபோச்சு. வண்டிக்கார அக்கா மாங்காய் கீறி நீட்டினாங்க. அவர் தகர டப்பாவைச் சாய்ச்சு அடியைப் பார்த்துட்டு, "பரவால்லக்கா" அப்படின்னு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார். எதிர்ல பரோட்டாக் கடை.

மறுநாள் காலையில அந்த அக்கா, முதல் வேலையா நாலு மோர் மிளகாயைக் காகிதத்துல மடிச்சு, மோர்ப் பானைக்குப் பின்னாடி தனியா எடுத்து வெச்சாங்க. வேற யார் கேட்டும் பத்தரை வரைக்கும் அதைத் தொடவே விடலை.