கதைக்கருவை வெளியே சொன்னால் பறிபோய்விடுமா?

கேள்வி
நாவல் ஒன்றின் கதைச்சுருக்கத்தையும் தொடக்க அத்தியாயங்களையும் பதிப்பகங்களுக்கு அனுப்ப எண்ணியிருக்கிறேன். அவர்கள் மறுத்தபின் அதே கரு வேறொருவர் பெயரில் நூலாக வந்தால் எனக்கு என்ன உரிமை இருக்கும்? கைப்பிரதியை எனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் போதும் என்கிறார்களே, அது செல்லுமா?

மறுமொழி 1
கருவுக்குப் பதிப்புரிமை இல்லை. பதிப்புரிமை வெளிப்பாட்டுக்குரியதே தவிர எண்ணங்களுக்கோ வழிமுறைகளுக்கோ உரியதன்று என்று உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையான 1994ஆம் ஆண்டின் டிரிப்ஸ் உடன்படிக்கை, 9ஆம் பிரிவில், வெளிப்படையாகவே கூறுகிறது. பிரிந்த இரட்டையர் முதுமையில் சந்திக்கிறார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் நீங்கள் எழுதிய வரிகளும், காட்சிகளைக் கோத்த விதமும், பாத்திரங்களுக்குக் கொடுத்த தனித்த வார்ப்பும் உங்களுடையவை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு உடன்படிக்கையான பெர்ன் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளில் இவ்வுரிமை எழுதியவுடனே பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. ஆகவே கருவைப் பூட்டிவைப்பதைவிட நாவலை எழுதி முடிப்பதே வலுவான காப்பு என்பது என் கருத்து.

மறுமொழி 2
தபால் உறையை நம்ப வேண்டாம். ஒட்டாத வெற்று உறையைத் தனக்கே அனுப்பிவிட்டுப் பிறகு அதில் எதையும் வைத்து ஒட்டிவிட முடியும் என்பதால், அதற்குச் சான்று மதிப்பு மிகக் குறைவு. அது உண்மையான உறையாகவே இருந்தாலும், அந்த நாளில் உங்கள் பிரதி இருந்தது என்பதற்கு மேல் எதையும் நிறுவாது. வழக்கென்று வந்தால், எதிராளிக்கு உங்கள் பிரதியைப் பார்க்கும் வாய்ப்பு இருந்தது என்பதையும், இரு படைப்புகளின் ஒற்றுமை கருவோடு நிற்காமல் வெளிப்பாட்டிலும் கணிசமாக இருக்கிறது என்பதையும் காட்ட வேண்டியிருக்கும்; அவர் தாமாகவே எழுதினார் என்றால் அது மீறலாகாது. எனவே எந்த வரைவை, யாருக்கு, எந்த நாளில் அனுப்பினீர்கள் என்பதற்கான மின்னஞ்சல்களையும் பழைய வரைவுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். அரசுப் பதிவு வசதி இருக்குமிடத்தில் அதையும் செய்துகொள்வது நல்லது.

மறுமொழி 3
இரகசியக் காப்பு ஒப்பந்தத்தைப் பற்றி, அதாவது கேட்டதை வெளியே சொல்லவோ பயன்படுத்தவோ மாட்டேன் என்று எதிர்த்தரப்பு எழுதிக்கொடுப்பதைப் பற்றி, யாரும் சொல்லவில்லை. எழுதப்படாத எண்ணத்தையும் அது காக்கக்கூடும். ஆனால் பெரும்பாலான பதிப்பகங்கள் அதில் கையொப்பமிடா, வற்புறுத்தினால் பிரதியைப் படிக்காமலே திருப்பிவிடவும் கூடும். திரைக்கதைக்கோ தொழில் திட்டத்துக்கோ கூட்டாளி தேடும்போது கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. தலைப்புக்காவது உரிமை உண்டா?

மறுமொழி 1
பொதுவாக இல்லை. தலைப்பு மிகச் சிறிய சொற்றொடர் என்பதால் பதிப்புரிமை அதைக் காப்பதில்லை. வணிகச் சின்னச் சட்டம் சில வேளைகளில், குறிப்பாகத் தொடர் நூல்களின் பெயருக்கு, உதவலாம்.