புதுப்பிப்பு: பேஸ்மேக்கர் வைத்த பிறகும் சோர்வு, காரணம் கிடைத்தது

பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பு குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் கருவி) வைத்தும் கோத்தகிரியில் எங்கள் வீட்டு மேட்டை ஏறினால் மூச்சு வாங்குகிறது, நாள் முழுக்க அசதி, மலை உயரம்தான் காரணமா என்று முன்பு கேட்டிருந்தேன். கருவியைச் சோதித்துப் பாருங்கள் என்று விடாமல் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

கோயம்புத்தூர் போனேன். கருவிக்கு மேலே, சட்டை மீதே வட்டமான ஒன்றை வைத்ததும் உள்ளே பதிவானதெல்லாம் திரையில் வந்துவிட்டது. பேட்டரி நன்றாக இருக்கிறது, வயரும் சரி. ஆனால் என் சொந்தத் துடிப்பு மந்தம் என்பதால், நடந்தாலும் ஏறினாலும் நிமிடத்துக்கு 60-லேயே நின்றிருக்கிறது. அசைவுக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டும் வசதி போடப்படவே இல்லை. அதைப் போட்டு, வராந்தாவில் நடக்கவிட்டு, திரும்பவும் பார்த்துக் கொஞ்சம் மாற்றினார்கள்.

மலையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். அசைவை உணரும் சென்சார், இறக்கத்தில் தடதடவென்று இறங்கும்போது வேகத்தை நன்றாகக் கூட்டும், மெதுவாக மேடு ஏறும்போது, நமக்கு அதிகம் தேவைப்படுகிற அந்த நேரத்தில், குறைவாகத்தான் கூட்டும். அதனால் எங்கள் ஊர் முழுக்க மேடு என்று டெக்னீஷியனிடம் சொல்லியே ஆக வேண்டும். தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இப்போது சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு நிற்காமல் ஏறி வருகிறேன். அசதி முழுசாகப் போகவில்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையாலும் இருக்கலாம் என்றார் டாக்டர் (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்), அப்புறம் ரத்தசோகை, தைராய்டு பார்க்க ரத்தம் கொடுத்திருக்கிறேன்.