அப்பா மேப்பில் இருந்து காணாமல் போய்விட்டார். அவரே நிறுத்திவிட்டாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தோப்புக்காரர்_மகள்:

நான் சென்னையில் இருக்கிறேன், அப்பா பொள்ளாச்சியில் தனியாக இருக்கிறார், வயது 71. தினமும் காலையில் டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு ஆனைமலைப் பக்கம் இருக்கிற தோப்புக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புவார். போன ஐப்பசி மழையில் வண்டி வழுக்கி விழுந்து அரை மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்திருக்கிறார், எங்களிடம் நாலு நாள் கழித்துத்தான் சொன்னார். அதற்கப்புறம் பொங்கலுக்குப் போனபோது அவர் போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து, நிறுத்தும்வரை எனக்கு லொக்கேஷன் வருகிற மாதிரி நானே போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறு மாதம் ஒழுங்காக வந்தது. காலை பத்து மணிக்கு ஒரு தடவை பார்ப்பேன், அவர் படம் தோப்புக்குள் நின்றால் என் வேலையைப் பார்ப்பேன்.

போன செவ்வாயில் இருந்து மேப்பில் ஆளே இல்லை. போன் போட்டால் எடுக்கிறார், நன்றாகத்தான் பேசுகிறார். வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் அனுப்பச் சொன்னேன், அனுப்பினார், கொஞ்ச நேரத்தில் அதுவும் முடிந்துவிட்டதாகக் காட்டியது. நேராகக் கேட்டால் "என்னை வேவு பாக்குறியா" என்று ஆரம்பித்துவிடுவார். அவரிடம் ஆண்ட்ராய்டு, என்னிடம் ஐபோன். வேண்டுமென்றே நிறுத்தினாரா, போன் கோளாறா? அவரிடம் கேட்காமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

நைட்_ஷிப்ட்:

"ஆளே இல்லை" என்றால் எப்படி இல்லை? அதில்தான் விஷயமே இருக்கிறது. மேப்ஸில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு லொக்கேஷன் பகிர்வுக்குள் போங்கள். அவர் பெயர் இருந்து, பக்கத்தில் மூன்று மணி நேரத்துக்கு முன்பு என்கிற மாதிரி பழைய நேரம் காட்டினால் அவர் நிறுத்தவில்லை. போன் அணைந்திருக்கலாம், நெட் இல்லாமல் இருக்கலாம், தோப்புக்குள் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பேட்டரி எவ்வளவு என்றுகூட அதில் வரும். கடைசியாகப் பார்த்தபோது 4 சதவீதம் என்றிருந்தால் வேறு யோசனையே வேண்டாம், சார்ஜ் போட மறந்துவிட்டார்.

பெயரே இல்லை என்றால் அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டிருக்கிறது. நிறுத்தியதாக உங்களுக்கு அறிவிப்பு எதுவும் வராது, சத்தமில்லாமல் பட்டியலில் இருந்து போய்விடும். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, உங்கள் மேப்ஸ் இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறது? நான் ஒரு தடவை ஆபீஸ் ஜிமெயிலுக்கு மாறியதை மறந்துவிட்டு, பொண்டாட்டி லொக்கேஷனை நிறுத்திவிட்டாள் என்று ஒரு சாயங்காலம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு, கை தவறி நீங்களே அவரை மேப்பில் மறைத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

சர்வீஸ்_மேசை:

செல்போன் சர்வீஸில் 12 வருஷமாக இருக்கிறேன். பெரியவர்கள் போனில் பாதிக் கேஸ் வேண்டுமென்றே செய்ததாக இருக்காது. லொக்கேஷன் அனுமதி "எப்போதும்" என்று இருக்க வேண்டியது "ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாறியிருக்கும், பேட்டரி சேவர் போட்டிருப்பார்கள், சில போன்களில் பின்னணியில் ஓடுகிற ஆப்பைச் சிஸ்டமே மூடிவிடும். 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11க்கு அப்புறம் இன்னொன்றும் உண்டு: சில மாதம் திறக்காத ஆப்புக்குக் கொடுத்த அனுமதியைப் போனே திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் இதிலெல்லாம் நேரம்தான் பழசாக நிற்கும், ஆள் பட்டியலில் இருந்து போகமாட்டார்.

வாட்ஸ்அப்பை வைத்து முடிவு கட்டாதீர்கள். அதில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம், இந்த மூன்றுதான், நிரந்தரமாக வைக்க முடியாது. நேரம் முடிந்தாலும் அவரே நிறுத்தினாலும் உங்களுக்கு வருவது ஒரே வரிதான். அனுப்பிய நேரத்தில் இருந்து கணக்குப் பாருங்கள். சரியாகக் கால் மணியில் முடிந்திருந்தால் அவர் தொட்டது அந்த 15 நிமிடத்தை, அவ்வளவுதான். நடுவில் நாற்பதாவது நிமிடத்தில் நின்றிருந்தால்தான் கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஹாஸ்டல்_அம்மா:

இரண்டு பக்கமும் ஐபோன் வைத்திருப்பவர்கள் யாராவது இதைத் தேடி வந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன். ஃபைண்ட் மை ஆப்பில் ஒருவர் நிறுத்தினால் அங்கேயும் உங்கள் பட்டியலில் இருந்து பெயர் போய்விடும், அறிவிப்பு வராது. மறுபடி ஆரம்பித்தால் மட்டும் அறிவிப்பு வரும். ஆனால் மெசேஜஸில் அவரோடு பேசிய பக்கத்தைத் திறந்து பாருங்கள், லொக்கேஷன் பகிர்வதை நிறுத்தினார் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி கிடக்கலாம். என் பையன் விஷயத்தில் அப்படித்தான் கண்டுபிடித்தேன். "லொக்கேஷன் கிடைக்கவில்லை" என்று வந்தால் அது வேறு, அதற்குப் போன் அணைந்திருப்பது, நெட் இல்லாதது என்று பல காரணம் உண்டு.

அப்புறம் அவன் அதைவிடக் கெட்டிக்காரன் ஆகிவிட்டான். நிறுத்துவதில்லை, எந்தச் சாதனத்தின் இடம் போக வேண்டும் என்பதை ஐபேடுக்கு மாற்றிவிட்டு ஐபேடை ஹாஸ்டல் ரூமிலேயே வைத்துவிட்டுப் போகிறான். மேப்பில் பிள்ளை இருபத்து நாலு மணி நேரமும் படிக்கிறான்.

ரிட்டயர்டு_68:

நான் அந்தப் பக்கத்து ஆள், என் மகன் எனக்குப் போட்டுக் கொடுத்தான். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தினம் சாயங்காலம் போன் வரும், "இன்னும் டீக்கடையிலயா இருக்கீங்க? ஏழு மணி ஆச்சே" என்று. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவனிடம் டீக்கடையிலா இருக்கிறாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? நிறுத்திவிட்டேன். விழுந்தால் தெரியவேண்டும் என்பதற்காகப் போட்டது வீட்டுக்கு நேரத்துக்கு வந்தாரா என்று பார்ப்பதில் போய் நின்றது. அம்மா, போனை நோண்டுவதை விட்டுவிட்டு அவரிடமே கேளுங்கள். திட்டினால் திட்டட்டும்.

தோப்புக்காரர்_மகள்:

எல்லாருக்கும் நன்றி. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, நான் மறைத்து வைக்கவும் இல்லை, பட்டியலில் பெயர் இல்லை. வாட்ஸ்அப் சரியாக 15 நிமிடத்தில் முடிந்திருக்கிறது. ரிட்டயர்டு ஐயா சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி கேட்டேவிட்டேன். "ஆமா, நிறுத்தச் சொன்னேன்" என்றார், கொஞ்சம்கூடத் தயங்காமல்.

நீங்கள் லொக்கேஷனைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கூகுள் நினைவூட்டி அவ்வப்போது அனுப்புகிற மெயில் இருக்கிறதே, அது இங்கிலீஷில் என் பெயரோடு வந்திருக்கிறது. தோப்பு வாங்கிக் கொடுக்கிற புரோக்கர் ஒருவர், இதெல்லாம் பேங்க் பணத்தை எடுக்கிற கும்பல் அனுப்புவது, மகள் பெயரைப் போட்டுத்தான் அனுப்புவான் என்று பயமுறுத்தியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை போனை ரீசார்ஜ் கடைக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். போட்டுக் கொடுக்கும்போது அது என்ன என்று நான் அவருக்கு விளக்கவே இல்லை, "சும்மா இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நைட்_ஷிப்ட்:

மறுபடி போட்டால், தோப்புக்கு வந்து சேர்ந்ததும் உங்களுக்கு மட்டும் அறிவிப்பு வருகிற மாதிரி மேப்ஸிலேயே வைக்கலாம். நீங்கள் வைத்தது அவருக்கும் தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தோப்புக்காரர்_மகள்:

சொன்னேன். அதெல்லாம் வேண்டாம், தோப்புக்குள் காலை வைத்ததும் ஒரு மிஸ்டு கால் தருகிறேன் என்கிறார். இன்றைக்கு 9.40க்கு வந்தது. எடுத்துத் தொலைத்துவிட்டேன், காசு போச்சு என்று திட்டு விழுந்தது. அவர் பேக்கில் எல்லா காலும் இலவசம் என்பதை இன்னொரு நாள் சொல்லிக்கொள்கிறேன்.