பிளாக்கிங்: ‘படியவைத்தல்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் கைப்பின்னல் சொற்பட்டியலில் பிளாக்கிங் (blocking), அதாவது பின்னியதை ஈரமாக்கி வேண்டிய வடிவுக்குக் கொண்டுவருதல், என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை ‘கட்டமாக்கல்’, ‘சட்டமிடல்’, ‘இழுத்து உலர்த்தல்’ ஆகியவை வந்துள்ளன. மூன்றையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ‘படியவைத்தல்’ என்பது என் பரிந்துரை.

செயலைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். பின்னி முடித்த கம்பளி ஆடையை நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் துவாலையில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, வேண்டிய அளவுக்கு விரித்துக் குண்டூசி குத்தி, முழுதும் உலரும்வரை தொடாமல் விடுகிறோம். கம்பளியிலுள்ள கெரட்டின் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டால் நெகிழும். உலரும்போது புதிய நிலையில் மீண்டும் பிணையும். ஏறுமாறாக நின்ற கண்ணிகள் (பின்னலின் நூல் வளையங்கள்) சீராகின்றன, லேஸ் பின்னலின் துளைகள் திறக்கின்றன. நம் தலைமுடியும் கெரட்டின்தான். ஈரம் காய்வதற்குள் ‘படிய வாரு’ என்று வீட்டில் சொல்வதும் இதே வேலையைத்தான். இவ்வளவு பொருத்தமாக ஒரு வினை கையிலிருக்க, புதிதாக ஏன் உருவாக்க வேண்டும்?

‘கட்டமாக்கல்’ ஆங்கிலச் சொல்லின் நிழல் மட்டுமே. முக்கோணச் சால்வையை அப்படிச் சொல்ல முடியாது. ‘சட்டமிடல்’ ஓரளவு நியாயமானது. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் லேஸ் சால்வைகளை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவிடுவது மரபு. ஆனால் அந்த ஊர்க்காரர்களே அதை டிரெஸ்ஸிங் என்கிறார்கள், சட்டத்தின் பெயரால் அழைப்பதில்லை. ‘இழுத்து உலர்த்தல்’ என்பதைத்தான் நான் வலுவாக எதிர்க்கிறேன். ஸ்வெட்டரின் மணிக்கட்டுப் பட்டியை இழுத்துக் காயவைத்தால் அதன் பிடிப்பே போய்விடும். புதிதாகக் கற்பவரைச் சொல்லே தவறான வழிக்குக் கொண்டுபோகக் கூடாது.

இன்னொன்று: இது கடைசி நாள் வேலை மட்டுமன்று. ஆடையைத் தொடங்குமுன் அளவு பார்க்கப் பின்னும் மாதிரித் துண்டையும் படியவைத்த பிறகே கண்ணிகளை எண்ண வேண்டும். 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்றால் 200 கண்ணி 100 செ.மீ. சுற்றளவு தரும், 22 ஆனால் ஏறத்தாழ 91 தான். பல வார உழைப்பு உடலில் ஏறாமல் போக அந்த இரண்டு கண்ணி போதும். எனவே பட்டியலில் ‘மாதிரித் துண்டு’ பதிவின் விளக்கத்திலும் இச்சொல் இடம்பெற வேண்டும்.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: நனைத்துப் படியவைத்தல், தெளித்துப் படியவைத்தல், ஆவியில் படியவைத்தல். அக்ரிலிக் நூல் நீருக்கு மசியாது, ஆவிதான் வேண்டும். சூடு மிகுந்தால் இழை தொய்ந்துவிடும், பிறகு மீட்க வழியில்லை. குரோஷா விரிப்புகளுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவது வேறு வேலை, அதை இதனுடன் சேர்க்க வேண்டாம்.

‘படிவித்தல்’ சுருக்கமாக இருக்கிறதே எனலாம். படிவு என்றதும் புவியியலும் வேதியியலும் குறுக்கே வரும் என்பதால் தவிர்த்தேன்.

லைஃப்லைன் (lifeline) என்பதற்கு நேற்றைய மடலில் வந்த ‘காப்புநூல்’ எனக்கு முழுச் சம்மதம். ஊசியிலுள்ள கண்ணிகளினூடே மெல்லிய நூலைக் கோத்து வைத்தால், பிழை நேரும்போது அந்த வரிசைவரை மட்டும் பிரித்தால் போதும். பெயரே பயனைச் சொல்லிவிடுகிறது.

குண்டூசி குத்தும் விரிப்பைப் ‘படியப்பலகை’ எனலாமா, ‘படியவைப்புப் பலகை’ எனலாமா? எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.