பீக்-அ-பூ வாசல் 8 அடியா, 12 அடியா? ஏழு வயதுப் பிள்ளைக்குக் கயிறு வேண்டாமா?

முகப்பேர் மாறன்:
போன வாரம் வேளச்சேரி வாசு சார் இந்தக் குழுவில் போட்ட அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பயணக் குறிப்பைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எஸ்கலாண்டே ஊருக்குத் தென்கிழக்கே பாலைவனத்தில் இருக்கிற பீக்-அ-பூ, ஸ்பூக்கி என்ற இரண்டு ஸ்லாட் கேன்யன்களுக்குள் (வெள்ளம் பாறையை அரித்து உண்டாக்கிய ஆழமான, குறுகிய இடுக்குகள்) ஏழு வயது மகளைக் கூட்டிப் போயிருக்கிறார். போனது அவர் விருப்பம், அதைக் கேட்க நான் யார். ஆனால் "வாசல் ஏற்றம் வெறும் 8 அடிதான், கயிறெல்லாம் தேவையே இல்லை, சென்னையிலிருந்து போகிற எந்தக் குடும்பமும் தாராளமாகப் போகலாம்" என்று எழுதியிருக்கிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த வாசல் 10 முதல் 12 அடி. செங்குத்தான மணற்கல் சுவர். கால் வைக்கப் பாறையில் செதுக்கிய குழிகள்தான் இருக்கின்றன, ஏணி கிடையாது. ஆயிரக்கணக்கான ஷூ உரசி அந்தக் குழிகள் மழுங்கிப் போயிருக்கின்றன. நாளைக்கு மே மாத லீவில் மகன் வீட்டுக்குப் போகிற தாத்தா பாட்டி இதை நம்பிப் பேரனை ஏற்றிவிட்டால் யார் பொறுப்பு? 8 அடி என்ற வரியை எடுங்கள் சார்.

வேளச்சேரி வாசு:
மாறன் சார், வணக்கம். ஒரே ஒரு கேள்வி. நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?

முகப்பேர் மாறன்:
கேள்விக்குக் கேள்வி பதில் ஆகாது. 8 அடியா, 12 அடியா?

வேளச்சேரி வாசு:
போகவில்லை என்று புரிந்துகொள்கிறேன். நான் போனேன். வாசலில் என் தோளில் மகளை நிற்க வைத்தேன். மேல் விளிம்பு அவள் கழுத்துக்கு வந்தது. என் தோள் உயரம் நாலே முக்கால் அடி, அவள் கழுத்து மூணேகால் அடி. கூட்டிக்கொள்ளுங்கள். மேலே என் மைத்துனர் முன்பே ஏறிப் படுத்துக்கொண்டு அவளுடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினார். கீழே என் மனைவி பின்னால் நின்று காலைப் பிடித்திருந்தாள். மூன்று பெரியவர்கள், ஒரு குழந்தை. இதற்குமேல் என்ன பாதுகாப்பு வேண்டும்? கயிறு கட்டியிருந்தால் அது காலில் சிக்கியிருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம், என் குறிப்பை முழுசாகப் படித்தீர்களா? கையில் எவ்வளவு தண்ணீர், கிராவல் ரோட்டில் 26 மைல் எப்படிக் குலுங்கும், செல்போன் சிக்னல் கிடையாது, பீக்-அ-பூவில் மேலேறி ஸ்பூக்கி வழியாக இறங்கவேண்டும், எதிர்த்திசையில் வந்தால் இடுக்கில் இரண்டு கூட்டமும் மாட்டிக்கொள்ளும் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். உங்கள் கண்ணில் பட்டது ஒரு எண் மட்டும்.

முகப்பேர் மாறன்:
அந்த எண்தான் ஆளைக் கொல்லும். நீங்கள் நின்றது தரையிலா, செதுக்கிய குழியில் ஏறி நின்ற பிறகா? முதல் குழியில் நின்றுகொண்டு அளந்தால் 12 அடிச் சுவர் 8 அடியாகத்தான் தெரியும். நான் பல வருஷமாக ஆட்களை மலைக்குக் கூட்டிப் போகிறவன். கண்ணளவில் சொல்கிற உயரத்தை நம்பவே முடியாது.

கீழ்ப்பாக்கம் கீதா:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நான் அரிசோனாவில் இருந்த காலத்தில் அந்தப் பக்கம் போயிருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அந்த வாசலின் அடியில் மணல் ஏறும், அல்லது அரித்துக்கொண்டு போகும். சில சமயம் அடியில் சேற்றுக் குளமே நிற்கும். ஒருவருக்கு 8 அடி, இன்னொருவருக்கு 12 அடி, இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

பேசவேண்டியது வானத்தைப் பற்றி. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யனின் கீழ்ப்பகுதியில் 11 பேர் வெள்ளத்தில் செத்துப்போனார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை இல்லை. பல மைல் தள்ளி மேற்பக்கத்தில் பெய்தது. அங்கே மண் குறைவு, வெறும் பாறை. பெய்கிற மழையைக் குடிக்க ஆளில்லை, அத்தனையும் ஒரே இடுக்குக்குள் வரும். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மதியத்தில் இடிமழைக் காலம். நம்மூர் ஆட்கள் சிலர் பிள்ளைகளோடு அந்தச் சமயத்திலும் போகிறார்கள். வாசு, நீங்கள் எந்த மாதம் போனீர்கள், அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பார்த்தீர்களா என்று யாராவது கேட்டார்களா?

போரூர் பாலா:
கீதா மேடம் சொல்வது சரி. ஆனால் மாறன் சாருக்கு அது காதில் விழாது. அவருக்கு வேண்டியது வாசு சார் தலைகுனிய வேண்டும், அவ்வளவுதான். பாதுகாப்பு பற்றி வகுப்பு எடுக்கிற இவர்தான் ஆந்திராவில் இருக்கிற நாகலாபுரம் மலைக்கு எங்களை ட்ரெக்கிங் கூட்டிப் போனார். குளத்தில் பாறையிலிருந்து குதிக்கச் சொன்னபோது ஆழம் பார்த்தாரா? லைஃப் ஜாக்கெட் இருந்ததா? அடுத்த ட்ரிப்புக்கு வாங்கிய அட்வான்ஸ் எங்கே போனது என்றும் கேட்கலாம்.

முகப்பேர் மாறன்:
பாலா, சம்பந்தமில்லாததை இங்கே கொண்டுவராதே. அந்தக் குளத்தில் நான் முதலில் இறங்கிப் பார்த்த பிறகுதான் உங்களை விட்டேன். நீ அப்போது செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாய்.

கீதா மேடம், ஆன்டிலோப்பை அந்தப் பகுதிப் பழங்குடிகளான நவாஹோ மக்கள் நிர்வகிக்கிறார்கள், வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பீக்-அ-பூவில் வாசலில் நிறுத்திக் கேட்க ஒருத்தரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறவர் பொறுப்பாக எழுதவேண்டும் என்கிறேன். மணல் ஏறும் இறங்கும் என்கிறீர்கள். அப்படியானால் எழுதும்போது அதிக உயரத்தைத்தானே எழுதவேண்டும்? ஏன் 8 அடி?

குரோம்பேட்டை சந்திரா:
தம்பி மாறன், நான் இந்தக் குழுவில் ரொம்ப நாளாகப் படிக்கிறவள், எழுதுவது அபூர்வம். பிள்ளைகளை எதற்கும் விடாதே, எங்கும் போகாதே என்றால் அவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில்தான் கிடப்பார்கள். என் பேரன் பேத்தி இரண்டும் அப்படித்தான். ஒரு அப்பா மகளைத் தோளில் ஏற்றிப் பாறை காட்டியிருக்கிறார். அந்தப் பெண் அதை வாழ்நாள் முழுக்க மறக்காது. அதை விட்டுவிட்டு அடிக்கணக்கு பார்க்கிறீர்களே.

வாசு தம்பி, சாப்பாட்டுக்கு என்ன கொண்டு போனீர்கள்? அந்த வெயிலில் புளியோதரை தாங்குமா?

வேளச்சேரி வாசு:
சந்திராம்மா, புளியோதரையேதான். காலையில் கிளறி வாழையிலை இல்லாத குறைக்கு ஃபாயிலில் கட்டிக்கொண்டோம். கெடவில்லை. காலித் தாளைத் திரும்பப் பையிலேயே கொண்டுவந்தோம், அங்கே ஒரு ஆரஞ்சுத் தோலைக்கூடப் போடக்கூடாது.

கீதா மேடம், போனது ஏப்ரலில். அன்று காலை எஸ்கலாண்டே பார்வையாளர் மையத்தில் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினோம்.

மாறன் சார், வாசலைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது ஸ்பூக்கிதான். சில இடத்தில் ஓர் அடி அகலம்கூடக் கிடையாது. பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நகரவேண்டும். சுவரில் சுண்டைக்காய் அளவுக்கு உருண்டை உருண்டையாக இரும்புக் கல் துருத்திக்கொண்டிருக்கிறது, என் சட்டைப் பொத்தான் இரண்டு அதில் போயிற்று. நடுவில் பாறைகள் அடைத்துக்கொண்ட ஓர் இடத்தில் துளை வழியாகக் கீழே இறங்கவேண்டும். மகளுக்கு அங்கெல்லாம் ஒரு சிரமமும் இல்லை, என்னைப் பார்த்துச் சிரித்தாள். தடுமாறியது பெரியவர்கள்தான். கயிறு ஆதரவாளர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

முகப்பேர் மாறன்:
பார்த்தீர்களா? பாறை அடைப்பில் துளை வழியாக இறங்கினோம் என்று இப்போதுதான் சொல்கிறார். குறிப்பில் இது இல்லவே இல்லை. அங்கேயும் கயிறு இல்லை. 8 அடி என்று சொன்னவர் இதை எத்தனை அடி என்று சொல்லப்போகிறார், இரண்டு அடியா?

2015 செப்டம்பர் 14 அன்று அதே யூட்டாவில், சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் 7 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். எல்லோரும் பெரியவர்கள். அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள். கயிறு, ஹார்னஸ் (கயிற்றை மாட்ட இடுப்பில் கட்டும் பட்டை), ஹெல்மெட் எல்லாம் இருந்தது. அவர்களுக்கே அந்தக் கதி.

போரூர் பாலா:
சார், உங்கள் வாதத்தை நீங்களே உடைத்துக்கொள்கிறீர்கள். அவர்களிடம் கயிறு இருந்தது, காப்பாற்றவில்லை. கொன்றது வெள்ளம். கீதா மேடம் சொன்னதும் அதுதான்.

முகப்பேர் மாறன்:
கயிறு இருந்தும் செத்துப்போனார்கள் என்றால் கயிறு இல்லாமல் ஏழு வயதுக் குழந்தையை இறக்கலாம் என்று அர்த்தமா? எந்தப் பள்ளியில் கணக்குப் படித்தாய்?

கீழ்ப்பாக்கம் கீதா:
மாறன், குடும்பத்தோடு போகலாமா கூடாதா என்றுதானே பேசுகிறோம். அதற்கு யூட்டாவிலேயே வேறு வழி இருக்கிறது. காப்ளின் வேலி (Goblin Valley) என்ற பூங்காவுக்குப் பக்கத்தில் லிட்டில் வைல்ட் ஹார்ஸ் என்று ஒரு கேன்யன் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு நிறையப் பேர் போவார்கள், வாசலில் இந்தச் சுவர் ஏறும் வேலை இல்லை. ஆர்ச்சஸ் பூங்காவில் ஃபையரி ஃபர்னஸ் என்ற மணற்கல் புதிர்க்காடு இருக்கிறது. அனுமதி வாங்கவேண்டும், இல்லாவிட்டால் ரேஞ்சரோடு போகவேண்டும். ஐந்து வயதுக்குக் கீழ் விடமாட்டார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தகுதி இருக்கிறது. அடி அளந்து சண்டை போடுவதற்குப் பதில் இப்படி ஒரு பட்டியல் போட்டால் போகிறவர்களுக்கு உதவும். மழை பெய்த மறுநாள் மணற்கல்லை நம்பிக் கை வைக்கக்கூடாது, ஈரத்தில் அது பலம் இழந்து பிய்ந்துவரும் என்பதையும் எழுதலாம்.

வேளச்சேரி வாசு:
கீதா மேடம், நீங்களும் நான் தப்பான இடத்துக்குக் கூட்டிப்போனேன் என்றுதான் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள். என் மகள் கிண்டியில் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகியவள். எல்லாக் குழந்தையும் ஒன்று இல்லை.

கீழ்ப்பாக்கம் கீதா:
நான் அப்படிச் சொல்லவில்லை. திரும்பப் படியுங்கள்.

முகப்பேர் மாறன்:
எல்லாக் குழந்தையும் ஒன்று இல்லை என்று இப்போது சொல்கிறார். "எந்தக் குடும்பமும் தாராளமாகப் போகலாம்" என்று எழுதியது யார்? சுவர் ஏறிப் பழகிய பிள்ளைக்கு 8 அடி, பழகாத பிள்ளைக்கு 12 அடியா?

2018 மார்ச்சில் குரங்கணியில் என்ன நடந்தது என்று சென்னை ட்ரெக்கிங் ஆட்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டாம். இருபது பேருக்கு மேல் காட்டுத்தீயில் போனார்கள். "எல்லோரும் போகலாம், சுலபமான பாதை" என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்தோம் அல்லவா? அதற்கப்புறம்தான் இங்கே வனத்துறை விழித்தது. 2024-இல் ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளைத் திறந்து, சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்து, வழிகாட்டியோடுதான் போகவேண்டும் என்று வைத்தார்கள். அந்த ஒழுங்கு நமக்கு வேண்டும். பயணக் குறிப்பு எழுதுகிறவருக்கும் வேண்டும்.

போரூர் பாலா:
குரங்கணியை இந்தச் சண்டைக்கு இழுக்காதீர்கள் மாறன் சார். அதில் போனவர்களைத் தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அடிக்கணக்கில் ஜெயிக்க அந்தப் பெயரை எடுப்பது அசிங்கம்.

முகப்பேர் மாறன்:
நானும் தெரிந்தவன்தான். அதனால்தான் பேசுகிறேன். உனக்கு மட்டும்தான் வலிக்கும் என்று நினைக்காதே.

குழு நிர்வாகி:
நண்பர்களே, தலைப்பை விட்டு விலகாதீர்கள். தனிப்பட்ட பணக் கணக்குகளை இங்கே பேசவேண்டாம்.

போரூர் பாலா:
பணம் கொடுத்தவனைப் பேசாதே என்கிறீர்கள், வாங்கியவரை ஒன்றும் கேட்கமாட்டீர்கள். நல்ல நிர்வாகம்.

குரோம்பேட்டை சந்திரா:
தம்பிகளா, எனக்கு ஒன்று கேட்கவேண்டும். வரும் ஏப்ரலில் மகள் வீட்டுக்கு டென்வர் போகிறேன். முழங்கால் வலி உண்டு. கீதா சொன்ன அந்த லிட்டில் வைல்ட் ஹார்ஸுக்கு நான் போகமுடியுமா?

முகப்பேர் மாறன்:
சந்திராம்மா, முதலில் உயரம் எவ்வளவு என்று யார் எழுதியது என்று பார்த்துவிட்டுப் போங்கள். இந்தக் குழுவில் 12 அடியை 8 அடி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேளச்சேரி வாசு:
போகாத இடத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அக்டோபரில் என் மைத்துனர் மறுபடி அங்கே போகிறார். கையில் அளவு நாடா கொடுத்து அனுப்புகிறேன். போட்டோ இதே இழையில் வரும்.

முகப்பேர் மாறன்:
நாடாவின் கீழ்முனை எங்கே வைக்கப்படுகிறது என்பதும் போட்டோவில் தெரியவேண்டும். குழியில் ஏறி நின்று அளந்த போட்டோவை ஏற்கமாட்டேன். கூட வேறு யாராவது சாட்சியும் வேண்டும், மைத்துனர் போதாது.

வேளச்சேரி வாசு:
என் மைத்துனரைப் பொய்யர் என்கிறீர்களா?

கீழ்ப்பாக்கம் கீதா:
சந்திராம்மா, அங்கே தரை பெரும்பாலும் சமமாகத்தான் இருக்கும், சில இடத்தில் பாறை மேல் ஏறி இறங்கவேண்டும். கைத்தடி கொண்டுபோங்கள். வலி வந்தால் அங்கேயே திரும்பிவிடலாம், முழுசாகச் சுற்றவேண்டிய கட்டாயம் இல்லை. கிளம்புகிற அன்று காலை கேன்யனுக்கு மேற்பக்கம் மழை இருக்கிறதா என்று மகளை வானிலை பார்க்கச் சொல்லுங்கள்.

போரூர் பாலா:
மாறன் சார், சாட்சி வேண்டுமா? நாகலாபுரத்துக்கு வந்த எல்லோரும் சாட்சிதான். கூப்பிடட்டுமா?

முகப்பேர் மாறன்:
கூப்பிடு. வரட்டும். அன்றைக்கு உன் பையைச் சுமந்தது யார் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.