கொலை வழக்கில் 90 நாள் ஆனதும் ஜாமீனா?

பொன்னி: என் சித்தப்பாவைக் கொன்றதாகக் கைதானவர் போன வாரம் ஜாமீனில் வந்துவிட்டார். நீதிபதி வழக்கை எடைபோட்டுக் கொடுத்ததல்ல. 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை, அதனால் கொடுத்தே ஆக வேண்டுமாம். 91ஆம் நாள் காலையில் அவருடைய வக்கீல் மனுக் கொடுத்தார். மாலை நான்கு மணிக்குக் குற்றப்பத்திரிகை வந்து சேர்ந்தது. அரை நாள்! நேரில் பார்த்த ஒரே சாட்சி என் சித்தி. யாராவது கதவைத் தட்டினால் ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்த பிறகுதான் திறக்கிறார்.

பழைய குமாஸ்தா: உங்கள் கோபம் நியாயமானது அம்மா. ஆனால் விதியின் மேல் பழி போடாதீர்கள். மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரை போகும் குற்றங்களுக்கு 90 நாள் கெடு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 167(2)ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 187(3). குற்றப்பத்திரிகைக்கு முன்பே மனு வந்துவிட்டால் உரிமை போகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தக் கெடு இல்லாவிட்டால், 'விசாரணை நடக்கிறது' என்று சொல்லியே யாரையும் வருடக்கணக்கில் உள்ளே வைக்கலாம்.

கருவேலம்: திருட்டு வழக்குக்கு இந்த வாதம் பொருந்தும். கொலை வழக்கில் தடயவியல் அறிக்கை வரவே மாதக்கணக்கில் ஆகும். போலீஸ் என்ன செய்யும்?

பழைய குமாஸ்தா: இருப்பதை வைத்துத் தாக்கல் செய்யும். தடயவியல் அறிக்கையைப் பிறகு கூடுதல் அறிக்கையாகச் சேர்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பல இடங்களில் கோட்டைவிடுவது நாள் கணக்கில்தான். முதன்முதலில் ரிமாண்ட் செய்த, அதாவது நீதிபதி காவலில் வைக்க உத்தரவிட்ட நாளும் கணக்கில் சேரும் என்று 2023இல் தீர்ப்பு வந்த பிறகும், மறுநாளிலிருந்து எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கருவேலம்: அவர்கள் எண்ணத் தவறியதற்குச் சாட்சி உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா?

பழைய குமாஸ்தா: வேண்டாம். இந்த ஜாமீனையும் ரத்து செய்யலாம். ஆந்திர முன்னாள் அமைச்சர் விவேகானந்த ரெட்டி கொலை வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. தாக்கலான குற்றப்பத்திரிகையில் வலுவான முகாந்திரம், அதாவது குற்றத்துக்கான ஆதாரம், தெரிய வேண்டும்; தாக்கல் செய்தது மட்டும் போதாது. சாட்சியை மிரட்டினாலும் ரத்து கேட்கலாம்.

பொன்னி: மிரட்டினால் என்கிறீர்கள். அதாவது, சித்தி மிரட்டப்படும் வரை நாங்கள் காத்திருக்க வேண்டும்.

பழைய குமாஸ்தா: இந்த இடத்தில் என்னிடம் நல்ல பதில் இல்லை. முகாந்திரத்தைக் காட்டி இப்போதே மனுப் போடுங்கள். ஜாமீனில் வந்தவர் வேறு ஊரில் தங்கித் தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்திடும் நிபந்தனையையும் கேளுங்கள். கூடவே, 2018ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் சித்தி பெயரில் விண்ணப்பியுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையில்தான் முடிவெடுப்பார்கள். ரோந்து, வீட்டுக்குக் கேமரா எல்லாம் அதில் உண்டு.

பொன்னி: கேமரா பற்றிச் சித்தியிடம் சொன்னேன். "அன்றைக்குத்தான் நானே பார்த்துக்கொண்டு நின்றேனே" என்றார். மனுவை நாளை கொடுக்கிறோம்.