டிஜிரிடூ, யிடக்கி, ‘வட்ட மூச்சு’: மூன்று சொற்கள் குறித்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் வடகோடியில், ஆர்னம் லாந்தில் நடக்கும் கார்மா விழாவுக்குப் போகவிருக்கிறேன். அங்குள்ள யோல்ஙு பழங்குடி மக்களின் ஊதுகருவியான டிஜிரிடூவைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்தபோதுதான், நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு முன்மொழியப்பட்டுள்ள ‘கறையான் குழல்’ உறுத்தத் தொடங்கியது.

சொல் அழகானது, மறுக்கவில்லை. கறையான் தின்று உள்ளே கூடாக்கிய யூக்கலிப்டஸ் மரத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்து, வெட்டிப் பட்டை உரித்து, ஊதும் முனையில் தேன்மெழுகு வைக்கிறார்கள். ஆயினும் இசையைப் பற்றிப் பேசும்போது ‘குழல்’ என்றதும் நம் மனம் விரல்துளைகளைத் தேடும். இதில் ஒன்றுகூட இல்லை. உதடு அதிர்ந்து ஒலி எழுவதால், புல்லாங்குழலைவிடக் கொம்புக்கும் எக்காளத்துக்குமே இது நெருங்கிய உறவு.

அதைவிட முக்கியமாக, பெயருடைய பொருளுக்கு நாம் ஏன் பெயர் வைக்க வேண்டும்? ‘டிஜிரிடூ’ என்பதே கருவியின் ஒலியைக் கேட்டு வெள்ளையர் வைத்த பெயர் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். யோல்ஙு மக்கள் யிடக்கி என்கிறார்கள். மேற்கு ஆர்னம் லாந்தில் அது மகோ. ஆகவே பொதுத் தலைச்சொல்லாக டிஜிரிடூவையும், அந்தந்த மக்களைப் பற்றி எழுதும்போது அவரவர் சொல்லையும் ஆளலாம் என்பது என் கருத்து. நண்பர் ஒருவர் எழுதிய ‘யிடாக்கி’யில் நெடில் வேண்டியதில்லை, அங்கே அகரம் குறில்தான். ஆங்கிலத்தில் ‘டி’ எழுத்தின் கீழே கோடிட்டுக் காட்ட வேண்டிய நாமடி ஒலிக்கு நம்மிடம் டகரம் ஆயத்தமாக இருக்கிறது.

நாம் உண்மையிலேயே ஆக்க வேண்டிய சொல் வேறு. ஒலி அறாமல் ஊதும் உத்தியை ‘வட்ட மூச்சு’ என்று மொழிபெயர்த்திருக்கிறோம். அங்கே எதுவும் வட்டமாகச் சுற்றுவதில்லை. கன்னத்தில் தேக்கிய காற்றைப் பிதுக்கி வெளியேற்றும் அந்த நொடியிலேயே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். வாய் நிறைய நீரை வைத்து, அதை மெல்லிய தாரையாகப் பீய்ச்சிக்கொண்டே மூக்கால் மூச்சிழுத்துப் பழகச் சொல்கிறார்கள். முயன்றேன், இரண்டு நாள் சட்டைதான் நனைந்தது.

‘கன்னமூச்சு’ எனலாம் என்று முதலில் நினைத்தேன். வாசிப்பவர் கண்ணாமூச்சி என்று படித்துச் சிரிப்பார். ‘தொடர்மூச்சு’ என்றால், உயிரோடிருப்பவர் எல்லோருக்கும் மூச்சு தொடர்ந்துதானே வருகிறது! இங்கே அறாமல் தொடர்வது ஊதல். எனவே ‘தொடரூதல்’ என்று முன்மொழிகிறேன்.

ஒரு தயக்கம் உண்டு. நாதசுரத்துக்கு ஒத்து ஊதுபவர்களும் இதே உத்தியால்தான் சுருதியைக் கச்சேரி முழுதும் அறாமல் ஒலிக்கச் செய்கிறார்கள். அவர்களிடையே இதற்கென்று ஒரு சொல் புழங்கினால் அதுவே முந்தியது. என் சொல்லை விலக்கிவிடலாம். மேளக்காரக் குடும்பங்களோடு பழக்கமுள்ளவர்கள் விசாரித்து எழுதுங்கள். அதுவரை பட்டியலில் அந்த இடத்தை நிரப்பாமல் வைத்திருப்போம்.